அப்பாவோட பிறப்புச் சான்று எந்த ஆபீஸ்ல இருக்கு? திருப்பனந்தாள் பக்கத்துக் குடும்பங்களை வெச்சு ஒரு பாடம்

இந்த வாரம் எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் லீவு. ஒரே ஒரு கேள்வி. உங்க அப்பா, அம்மாவோட பிறப்புச் சான்றை உங்களால இப்போ எடுத்துக் காட்ட முடியுமா? ஆதார் கார்டைச் சொல்லாதீங்க. பிறந்தப்போ அரசாங்கம் எழுதி வெச்ச பதிவைக் கேட்கிறேன்.

சென்னையிலயும் பெங்களூர்லயும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற நம்மில் பலரோட வேர் தஞ்சாவூர் டெல்டாவுல இருக்கு. 60களிலும் 70களிலும் அங்கே வீட்டுலேயே பிரசவம் ஆன அப்பா, அம்மாக்களுக்குப் பெரும்பாலும் கையில பிறப்புச் சான்று கிடையாது. "இத்தனை வருஷம் அது இல்லாமத்தானே ஓடுச்சு"ன்னு தோணும். உண்மைதான், ஓடுச்சு. இனிமே ஓடுமான்னுதான் பார்க்கணும்.

முதல்ல பணம். 2024 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு சாலை விபத்து இழப்பீட்டு வழக்கில் தீர்ப்பு சொன்னது. இறந்தவருக்கு ஆதார்படி வயது 47, பள்ளிச் சான்றுப்படி 45. பிறந்த தேதிக்கு ஆதார் ஆதாரம் ஆகாது, பள்ளிச் சான்றைத்தான் பார்க்கணும்னு நீதிமன்றம் முடிவு பண்ணுச்சு. இரண்டு வயசுல என்ன வந்துடப் போகுதுன்னு கேட்கலாம். விபத்து இழப்பீட்டைக் கணக்கு போடும்போது குடும்பம் இழந்த வருட வருமானத்தை, வயதுக்கு ஏற்ற ஒரு எண்ணால் பெருக்குவாங்க. 41 முதல் 45 வயது வரை அந்த எண் 14. 46 முதல் 50 வரை 13. வருட இழப்பு 2,40,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். 13 ஆல் பெருக்கினா 31,20,000. 14 ஆல் பெருக்கினா 33,60,000. ஒரு காகிதத்தோட விலை 2,40,000 ரூபாய்.

அதே 2024 ஜனவரியிலேயே இபிஎஃப்ஓ, பிறந்த தேதிக்கான ஆவணப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துடுச்சு. பிஎஃப் கணக்கில் தேதி தப்பா இருந்தா, திருத்தப் பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ மாதிரி வேற ஒண்ணைத் தேட வேண்டி வரலாம். இபிஎஸ் பென்ஷன் 58 வயசுல தொடங்குது. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்குப் பொதுவா 60 ஆகணும். பழைய வரி முறையில இருக்கிறவங்க அப்பா, அம்மாவோட மெடிக்கல் பாலிசிக்குப் பிரீமியம் கட்டினா, அவங்களுக்கு 60 ஆன பிறகுதான் 80டி கழிவு 25,000-லிருந்து 50,000 ஆகும். எல்லாமே வயசு, எல்லாமே தேதி.

அடுத்தது குடியுரிமை. இதைப் பயமுறுத்தச் சொல்லலை, சட்டத்துல உள்ளதைச் சொல்றேன். 1955 குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவங்க, மிகச் சில விதிவிலக்கு தவிர, பிறப்பாலேயே குடிமக்கள். 1987 ஜூலை 1-லிருந்து 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவங்களுக்கு, இங்கே பிறந்தது மட்டும் போதாது. அவங்க பிறந்த சமயத்துல அப்பா, அம்மா இருவரில் ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருந்திருக்கணும். அதுக்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு விதி இன்னும் இறுக்கம்.

இந்தக் கட்டுரையைப் படிக்கிற பெரும்பாலானவங்க அந்த நடு வகைதான். அதாவது உங்க பிறப்புச் சான்று உங்க கதையில பாதி மட்டும்தான். மீதிப் பாதி அப்பா, அம்மாவோட காகிதம். 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டில் தொடங்கின வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துல இதே மூணு வகைப் பிரிவுதான் இருந்தது. பழைய பட்டியலில் தன் பேரோ பெற்றோர் பேரோ இல்லாதவங்க பலர், அப்பத்தான் முதல் தடவையா "அப்பாவுக்கு என்ன ப்ரூஃப் இருக்கு"ன்னு ஊருக்கு போன் போட்டாங்க.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இந்தியாவிலேயே பிறந்தவங்களுக்குக் "குடியுரிமைச் சான்று"ன்னு தனியா ஒண்ணு வழக்கமா தர்றதில்லை. பதிவு மூலமாகவோ இயல்புரிமை மூலமாகவோ குடியுரிமை வாங்கினவங்களுக்குத்தான் அது. தாலுகா ஆபீஸில் இ-சேவை வழியா வாங்கற பிறப்பிடச் சான்று, அதாவது நாம நேட்டிவிட்டின்னு சொல்றது, வேற சமாச்சாரம். ஆக நம்ம கையில இருக்க வேண்டியது பிறப்புப் பதிவும், அதைத் தாங்கிப் பிடிக்கிற மற்ற பழைய ஆவணங்களும்.

சொந்த ஊர் வேற, பிறந்த ஊர் வேற

தேடப் போறவங்க முதல்ல சறுக்கற இடம் இது. உங்க குடும்பம் மூணு தலைமுறையா திருப்பனந்தாள் பக்கத்துக் கிராமம்னு வெச்சுக்குவோம். அப்பாவோட பதிவும் அங்கேதான் இருக்கும்னு நினைச்சு, ஒருநாள் லீவு போட்டுப் போய் நிப்பீங்க. இருக்காது. ஏன்னா நம்ம ஊர் வழக்கப்படி தலைப் பிரசவம் தாய் வீட்டுல. உங்க அப்பா மூத்த பிள்ளைன்னா, அவர் பிறந்தது அப்பாயியோட ஊர்ல. அப்பாயி குத்தாலம் பக்கத்துலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவங்கன்னா, பதிவு குத்தாலம் பக்கம்தான் இருக்கும். இரண்டாவது, மூணாவது பிள்ளைங்களோட பதிவு மட்டும் இங்கே கிடைக்கும்.

அதனால பஸ் ஏறறதுக்கு முன்னாடி போன் எடுங்க. அப்பாயி இருந்தா அப்பாயிகிட்ட, இல்லைன்னா பெரிய அத்தைகிட்டக் கேளுங்க: எந்த ஊர், வீடா ஆஸ்பத்திரியா, எந்த மாசம். கும்பகோணம் ஆஸ்பத்திரியில பிறந்திருந்தா, பதிவு கும்பகோணம் நகராட்சியில இருக்கும். இப்போ அது மாநகராட்சி. நீங்க எந்த ஊர்க்காரர்ங்கிறது பதிவேட்டுக்குத் தெரியாது, பிரசவம் எங்கே நடந்ததோ அதுதான் கணக்கு.

மாவட்டப் பேரும் குழப்பும். அன்னிக்கு எல்லாமே தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் தனியாப் போச்சு, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. குத்தாலம் இன்னிக்கு மயிலாடுதுறை மாவட்டம். திருப்பனந்தாள் இன்னிக்குத் திருவிடைமருதூர் வட்டம், ஆனா பழைய பத்திரங்களில் கும்பகோணம் தாலுகான்னு இருக்கும். பத்திரத்தில் ஒண்ணு, ஆதார்ல ஒண்ணுன்னு இருந்தா பதற வேண்டாம், ஊர் அதேதான்.

வருஷத்தைக் கண்டுபிடிக்கிற கணக்கு

பழைய பதிவேடு வருஷ வாரியாத்தான் கட்டி வெச்சிருப்பாங்க. "60களோட கடைசியில சார்"னு சொன்னா யாரும் தேட மாட்டாங்க. இரண்டு வருஷத்துக்குள்ள சுருக்கணும்.

வீட்டுல ஜாதகம் இருந்தா அதுதான் முதல் துப்பு. ஜாதகத்தை எந்த அலுவலகமும் சான்றா எடுத்துக்காது, ஆனா தேடறதுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. "பிலவங்க வருடம், தை மாதம்"னு எழுதியிருக்குன்னு வைங்க. பிலவங்க வருஷம் 1967 சித்திரையில தொடங்குது. தை மாசம் வரும்போது ஆங்கில வருஷம் மாறி 1968 ஜனவரி ஆயிடும். இதைக் கவனிக்காம 1967 பதிவேட்டைப் புரட்டிட்டு "இல்லை"ன்னு திரும்பி வர்றவங்க உண்டு. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்பி வரும், அதையும் மனசுல வெச்சுக்கணும். பிலவங்க 1907-லயும் வந்தது.

ஜாதகம் இல்லையா? கும்பகோணத்தைச் சுத்தி இருக்கிறவங்களுக்கு ஒரு வசதி உண்டு, மகாமகம். 1956, 1968, 1980. "மகாமகத்தப்போ இவன் கைக்குழந்தை"ன்னு அப்பாயி சொன்னா வருஷம் கிடைச்சாச்சு. 1952 புயல், 1977 புயல்னு சொல்றதையும் குறிச்சுக்கோங்க.

பள்ளிச் சான்றில் உள்ள தேதியை வெச்சு மட்டும் தேடாதீங்க. அந்தக் காலத்து வாத்தியார்கள், ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது பிள்ளைக்கு அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணுமேன்னு கணக்குப் பார்த்து ஒரு தேதியை எழுதிக்கிட்டாங்க. நம்ம அப்பா, அம்மா தலைமுறையில இவ்வளவு பேர் மே, ஜூன்ல பிறந்ததுக்கு இதுதான் காரணம்! 1968 தையில பிறந்த பிள்ளை, 1972 ஜூன்ல பள்ளிக்கூடம் போகணும்னா, சான்றில் 05.06.1967 ஆயிடும்.

எந்த அலுவலகத்துல நிக்கணும்

கொஞ்சம் வரலாறு தெரிஞ்சா அலைச்சல் குறையும். சென்னை மாகாணத்துல பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்தாச்சு. கிராமத்துல கிராம முன்சீப் பதிவேட்டை வெச்சிருந்தார். 1969-ல் நாடு முழுக்க ஒரே சட்டம் வந்து, 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1980 நவம்பரில் எம்ஜிஆர் ஆட்சியில கிராம முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழிச்சாங்க, அப்புறம் விஏஓக்கள் வந்தாங்க.

ஆக 1968-ல் வீட்டுல பிறந்தவரைப் பத்தின வரியை எழுதினது கிராம முன்சீப். அந்த நோட்டு இன்னிக்கு விஏஓ ஆபீஸ் பீரோவில் இருக்காது. கிராமப் பதிவேடுகள் தாலுகா அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போயிடும். பத்திரப் பதிவு நடக்கிற அதே ஆபீஸ்தான். நிறைய பேருக்கு இது தெரியாது, விஏஓகிட்டயும் கலெக்டர் ஆபீஸ்லயும் அலையறாங்க. உங்க கிராமம் எந்தச் சார் பதிவாளர் எல்லைன்னு பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துக்கலாம். எல்லைகள் மாறியிருக்கிறதால, பழைய நோட்டு இப்போதைய அலுவலகத்துக்கு வந்துச்சா, பழைய அலுவலகத்திலேயே தங்கிடுச்சான்னு கேட்டுக்கணும்.

பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள்ள பிறந்திருந்தா அந்தந்த அலுவலகம். திருப்பனந்தாள் ஒரு பேரூராட்சிதான், ஆனா "திருப்பனந்தாள்"னு நாம வெளியூர்ல சொல்றது பாதி நேரம் பக்கத்துக் கிராமமா இருக்கும். கிராமத்தோட சரியான வருவாய்க் கிராமப் பேரைத் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

ஆன்லைன்ல தேடிட்டு "இல்லை"ன்னு முடிவு பண்ணாதீங்க. சமீபத்திய வருஷங்களோட சான்று இணையத்தில் இலவசமா டவுன்லோட் ஆகும். அம்பது வருஷத்துக்கு முந்தினது பெரும்பாலும் மனுஷன் கையால புரட்ட வேண்டிய நோட்டு. 1969 சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, கட்டணம் கட்டி யார் வேணும்னாலும் பதிவைத் தேடச் சொல்லி நகல் கேட்கலாம். அதுக்கு மகன், மகள்னு உரிமையை நிரூபிக்க வேண்டியதில்லை.

மனுவில் பிள்ளை பேரை மட்டும் எழுதினா தேட முடியாது. பழைய பதிவுகளில் குழந்தை பேர் இருக்காது, "ஆண்" இல்லைன்னா "பெண்" அவ்வளவுதான். பேர் வைக்கறதுக்கு முன்னாடியே பதிவு நடந்துடும். தாத்தா பேர், அப்பாயி பேர், ஊர், மாசம் — இதை வெச்சுத்தான் வரியைக் கண்டுபிடிப்பாங்க. பேரை எல்லா மாதிரியும் எழுதிக் கொடுங்க. கோவிந்தசாமி, கோவிந்தசுவாமி, கோவிந்தன் மூணும் ஒருத்தரா இருக்கலாம். வரி கிடைச்சா, பேர் காலியா இருக்கிற சான்று கிடைக்கும். பேர் சேர்க்கறதுக்கு 14-வது பிரிவு இருக்கு. பழைய பதிவுகளுக்கான கடைசித் தேதியை அரசு அவ்வப்போது நீட்டிச்சிருக்கு, போற அன்னிக்கு இப்போ என்ன தேதின்னு கேட்டுடுங்க. எழுத்துப்பிழை இருந்தா 15-வது பிரிவில் திருத்தம் கேட்கலாம். மூலப் பதிவை அழிக்க மாட்டாங்க, ஓரத்துல திருத்தம் எழுதிக் கையெழுத்து போடுவாங்க.

நோட்டுலேயே இல்லைன்னா

இது நடக்கும். பதிவே பண்ணாம விட்டிருப்பாங்க, அல்லது நோட்டு கரையான் அரிச்சுப் போயிருக்கும். அப்போ "இல்லை"ங்கிற பதிலை வாயால வாங்கிட்டு வராதீங்க. பதிவு இல்லைன்னு எழுத்துல ஒரு சான்று உண்டு, விதிகளில் படிவம் 10. வெறும் "இல்லை"ன்னு எழுதின காகிதத்துக்கு என்ன மதிப்புன்னு கேட்பீங்க. அடுத்த கதவுக்கு அதுதான் சாவி. அமெரிக்காவுக்கு கிரீன் கார்டு விண்ணப்பம் போடறவங்களுக்கும் இது தெரிஞ்சிருக்கணும். 1970 ஏப்ரல் 1-க்கு முன்னாடி இந்தியாவில் பிறந்தவங்களுக்குப் பதிவு இல்லாம இருக்கலாம்னு அந்த நாட்டு விதியே ஒத்துக்குது. மாற்று ஆவணம் கொடுக்கலாம்.

ஒரு வருஷத்துக்கு மேல ஆன பிறப்பைத் தாமதமாப் பதிவு பண்ண 13-வது பிரிவில் வழி இருக்கு. முன்னாடி இதுக்குக் கோர்ட் படி ஏறணும். 2023 திருத்தச் சட்டத்துக்கு அப்புறம் மாவட்ட நிர்வாகத்துல உள்ள நிர்வாக நடுவரே உத்தரவு போடலாம்னு ஆயிடுச்சு. திருப்பனந்தாள் பகுதிக்குக் கும்பகோணம் கோட்டாட்சியர் அலுவலகம். ஊர்ல ஆர்டிஓன்னு சொல்வாங்க, லைசென்ஸ் தர்ற ஆர்டிஓ இல்லை. படிவம் 10, பள்ளிச் சான்று, உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் வெச்சு மனு கொடுத்தா, விஏஓ, வருவாய் ஆய்வாளர் வழியா விசாரணை நடக்கும். பிறந்ததை நேர்ல பார்த்த பெரியவங்க சாட்சி சொன்னா பலம். அந்தப் பெரியவங்களுக்கு இன்னிக்கு என்ன வயசுன்னு யோசிச்சுப் பாருங்க. இதைத் தள்ளிப்போடாதீங்கன்னு நான் அவசரப்படுத்தறது அதனாலதான்.

ஒரு எச்சரிக்கை. அப்பாவுக்கு ஆதார்ல 01.01.1970, பள்ளிச் சான்றில் 05.06.1967, பதிவேட்டில் 1968 ஜனவரின்னு மூணு தேதி வந்து நின்னா, எல்லாத்தையும் உடனே மாத்தக் கிளம்பாதீங்க. அவர் வேலை பார்த்த இடம், பிஎஃப், பான் எல்லாம் பள்ளித் தேதியில ஓடுதுன்னா, ஆதாரை அந்தத் தேதிக்குக் கொண்டு வர்றதுதான் பெரும்பாலும் சுலபம்னு நான் நினைக்கிறேன். அப்பா விவசாயம் பார்த்தவர், பள்ளிக்கூடம் பக்கமே போகலைன்னா, பிறப்புப் பதிவே அடித்தளம். 60-ஐச் சீக்கிரம் தொடணும்னு சௌகரியமான தேதியைத் தேர்ந்தெடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். பொய்த் தகவல் கொடுத்துப் பதிவு பண்றது அந்தச் சட்டப்படியே குற்றம்.

பீரோவுல கிடக்கிற மற்ற காகிதங்கள்

அஞ்சாவதோட நின்னவங்களுக்கு டிசி இருக்காது, ரெக்கார்டு ஷீட்னு ஒண்ணு இருக்கும். தொலைஞ்சிருந்தா, படிச்ச ஒன்றியப் பள்ளியிலேயே சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துத் தலைமையாசிரியர்கிட்ட நகல் கேட்கலாம். பள்ளிக்கூடம் மூடியிருந்தா வட்டாரக் கல்வி அலுவலகம்.

நிலத்துக் காகிதம் நம்ம பகுதியில தனிக் கதை. பட்டா இருக்கிற குடும்பத்துக்குப் பழைய பத்திரத்தோட நகல் சார் பதிவாளர்கிட்டக் கிடைக்கும், அதுல தாத்தா, அவரோட அப்பா பேர் எல்லாம் வரும். ஆனா திருப்பனந்தாள் காசி மடம், சுத்தி இருக்கிற கோயில்கள் மாதிரி நிறுவனங்களோட நிலத்தைக் குத்தகைக்கு உழுத குடும்பங்களுக்குப் பட்டா இருக்காது. அவங்க ஏமாந்து போக வேண்டாம். 1969-ல் வந்த குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி சாகுபடி செஞ்சவர் பேரைப் பதிவு பண்ணியிருக்கலாம். தாத்தா பேர் அதுல இருக்கான்னு தேடுங்க. நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளர் குடும்பம்னா, 1971 குடியிருப்பு மனைச் சட்டப்படி குடிசை இருந்த இடத்துக்குக் கொடுத்த மனைப் பட்டா. மங்கிப்போன அந்த ஒத்தைத் தாள்தான் சில குடும்பங்களுக்கு இருக்கிற ஒரே அரசாங்கக் காகிதம்.

இன்னொண்ணு. வாக்காளர் திருத்தத்துல ஏத்துக்கிட்ட ஆவணங்களில், 1987 ஜூலை 1-க்கு முன்னாடி அரசு, உள்ளாட்சி, வங்கி, தபால் ஆபீஸ், எல்ஐசி கொடுத்த எந்த அடையாள ஆவணமும் ஒண்ணு. முதிர்ந்துபோன பாலிசி பாண்டு, முடிஞ்சுபோன போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக் எல்லாம் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்றப்போ முதல்ல பழைய பேப்பர்காரர்கிட்டப் போறது. எடுத்து வைங்க.

வெளிநாட்டுத் தொடர்பு உள்ள குடும்பங்களுக்கு இரண்டு வரி. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவங்க இங்கே பிறந்தவங்க இல்லை, அவங்களுக்குப் பிறப்புப் பதிவு இங்கே கிடைக்காது. அப்போ வாங்கின இந்தியப் பாஸ்போர்ட்டும், தாயகம் திரும்பியோருக்கான குடும்ப அட்டையும்தான் மூல ஆவணம். லேமினேட் பண்ணாதீங்க, ஸ்கேன் பண்ணுங்க. நாகப்பட்டினத்துலிருந்து கப்பலேறி மலாயா போனவங்களோட பேரப்பிள்ளைங்க இன்னிக்கு ஓசிஐ அட்டைக்காக இங்கே உள்ள சொந்தக்காரங்களைக் கேட்கிறாங்க. கொள்ளுப்பேரன் வரைக்கும் சட்டத்துல இடம் இருக்கு. 1899 சட்டத்து நோட்டு அவங்களுக்குத்தான் அதிகம் உதவும்.

செலவு பத்திக் கேட்பீங்க. தேடல் கட்டணம், நகல், முத்திரைத்தாள் எல்லாம் சேர்ந்தும் பெரிய தொகை இல்லை. ஆபீஸ் வாசல்ல நிக்கிற ஆள் ஆயிரக்கணக்குல கேட்டா, அது உங்க நேரத்துக்கு அவர் போடற விலை. கட்டற எல்லாத்துக்கும் ரசீது வாங்குங்க. மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒண்ணுல சீல், தேதி வாங்கிக்கோங்க. ஒரு மாசம் ஆகியும் பதில் இல்லைன்னா, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "எனது இந்தத் தேதியிட்ட மனு எந்த நிலையில் உள்ளது"ன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்க. 30 நாளுக்குள்ள எழுத்துல பதில் தரணும்.

திங்கள், வெள்ளி, முகூர்த்த நாள் தவிர்த்துப் போங்க. முகூர்த்த நாள்ல சார் பதிவாளர் ஆபீஸ்ல பத்திரக் கூட்டம் தாங்காது, பழைய நோட்டை யாரும் தேடித் தர மாட்டாங்க. போறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை அப்பாயிகிட்ட உட்கார்ந்து, அப்பா, பெரியப்பா, அத்தைங்க எல்லாருக்கும் சேர்த்தே ஊர், மாசம், வருஷம் எழுதிக்கோங்க. ஒரே நாள் லீவுல நாலு பேரோட வரியையும் கேட்டுட்டு வந்துடலாம்.